காவலில் தாக்கப்பட்டால் எதை முதலில் செய்வது: தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

காவல் நிலையத்திலோ, விசாரணை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட வேறோர் இடத்திலோ ஒருவர் அடிக்கப்பட்டால், அடித்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்துவதற்கான வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளைத் தேடிய குடும்பங்களுடன் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்த அனுபவத்தில், நியாயமான புகார்கள்கூட வேலைகளின் வரிசை மாறியதால் வலுவிழந்து போவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கலெக்டர் அலுவலகத்தில் மனு, இரண்டாம் நாள் நிருபர்கள் சந்திப்பு, ஐந்தாம் நாள்தான் மருத்துவமனை என்று போனால், மருத்துவர் பார்க்கும்போது கன்றிப்போன தடம் பாதி மறைந்திருக்கும்.

காயம் சில நாட்களில் ஆறிவிடும், கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். மனு எழுதுவதற்கு மட்டும் ஓரளவு அவகாசம் உண்டு. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், பிரிவு எண்களை அதன்படியே கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் ஆயத்தம்

குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாளராக முடிவு செய்து, எல்லா மனுக்களிலும் அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். அண்ணன் ஒரு மனு, தாய்மாமன் ஒரு மனு, ஊர்க்காரர் ஒரு மனு என்று கொடுத்தால், மூன்றிலும் நேரமும் ஆட்களின் எண்ணிக்கையும் சிறிதளவு மாறும். குறுக்கு விசாரணையில் அந்தச் சிறு மாறுபாட்டைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடப்பதையெல்லாம் நடந்த நேரத்துடன் எழுதி வையுங்கள். யார் வந்தார்கள், சீருடையில் இருந்தார்களா, வண்டியின் பதிவெண் என்ன, நிலையத்தில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்ற விவரங்கள் போதும். நிகழ்ந்த சமயத்திலேயே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்லச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் நிற்கும்போது இந்த நோட்டு எவ்வளவு பெரிய துணை என்பது புரியும்.

வழக்கறிஞர் அமர்த்த வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அதன் அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

வயதுச் சான்று, சாதிச் சான்று, பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். மருத்துவச் சீட்டு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. 'அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்தது' என்ற விளக்கம் பின்னால் வரும்போது, அதற்கு முன்பு அவர் உடல்நிலை எப்படி இருந்தது என்பதைக் காட்ட அவைதான் கைகொடுக்கும்.

2. அழைத்துச் செல்லப்பட்ட முதல் சில மணி நேரம்

'விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம்' என்ற வாக்கை நம்பி நிலைய வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருப்பதே முதல் தவறு. எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதைப் பதிவாக்க வேண்டிய நேரம் அது.

பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும்போது கைதுக் குறிப்பாணை தயாரித்து, குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 48ஆம் பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ கைதையும், வைக்கப்பட்டுள்ள இடத்தையும் தெரிவிக்க வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 38ஆம் பிரிவு தருகிறது. விசாரணை முழுவதும் அவர் உடன் இருக்க முடியாது என்றாலும், சந்திப்பு நிகழ்ந்தாலே அடி குறைவதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இந்த உரிமைகளை வாயால் கேட்டால் பதிவு இருக்காது. முன்பெல்லாம் வழக்கறிஞர்கள் உடனே தந்தி கொடுப்பார்கள். தந்தியில் விழுந்த நேரமே பின்னாளில் சட்டவிரோதக் காவலுக்குச் சான்றாக நின்றது. 2013இல் தந்திச் சேவை நின்றுவிட்டதால், இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகர ஆணையர், காவல்துறைத் தலைமை இயக்குநர், மாநில மனித உரிமை ஆணையம் ஆகிய மூவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். 'இன்னார், இன்ன வயது, இன்று மாலை இத்தனை மணிக்கு இன்ன இடத்திலிருந்து காவலர்களால் அழைத்துச் செல்லப்பட்டார்; கைதுக் குறிப்பாணை தரப்படவில்லை; அவர் உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்புக் கோருகிறேன்' என்ற நான்கு வரிகள் போதும். காவல் கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் அழைத்தால், பேசியவரின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

24 மணி நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவதற்கான கெடு, பிடித்த நேரத்திலிருந்து ஓடுகிறது. காவல்துறை ஆவணத்தில் கைது 'காட்டப்பட்ட' நேரம் அதற்குப் பல மணி நேரம் பிந்தையதாக இருக்கக்கூடும். உங்கள் மின்னஞ்சலின் நேரம்தான் அந்த இடைவெளியை அம்பலப்படுத்தும்.

நிலையத்தில் இல்லை என்று சொன்னால் அதுவும் குறிக்கப்பட வேண்டும். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகைத் திருட்டுப் புகாரில் முதல் தகவல் அறிக்கைகூடப் பதியப்படாத நிலையில், நிலையத்துக்கு வெளியே வைத்துத் தாக்கப்பட்டே உயிரிழந்தார். ஆளைக் காணவில்லை, கைதும் காட்டப்படவில்லை என்ற நிலை நீடித்தால், 24 மணி நேரம் முடிந்தவுடன் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ, ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்று 179ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவரைப் பிடிப்பதற்காக அவருடைய தாயை நிலையத்தில் உட்கார வைக்கும்போது இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

3. நடுவர் முன் கிடைக்கும் ஒரு நிமிடம்

ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு பெறுவதற்காக, நடுவர் முன் நிறுத்தப்படும் அந்த ஒரு நிமிடம், அடிபட்டவர் காவல்துறையைச் சாராத ஓர் அதிகாரியைப் பார்க்கும் முதல் வாய்ப்பு. காவலில் துன்புறுத்தப்பட்டாரா என்று நடுவர் கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கான உரிமையையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே ஷீலா பார்சே வழக்கில் கூறியது. ஆயினும் கேள்வி வராமலே போகலாம் என்ற எண்ணத்துடன்தான் தயாராக வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்டு செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட சில நாட்களில் இருவரும் உயிரிழந்தார்கள். உடலில் அத்தனை காயங்களுடன் வந்தவர்கள் மருத்துவத் தகுதிச் சான்று, ரிமாண்டு, சிறை நுழைவு என்று மூன்று கட்டங்களைக் கடந்து போயிருக்கிறார்கள். அந்த மூன்றில் எந்த ஓரிடத்தில் ஒருவர் நிறுத்திப் பார்த்திருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்ற எண்ணம் எனக்கு இன்றும் மாறவில்லை.

எனவே கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். 'ஐயா, என்னை அடித்தார்கள். காயம் இருக்கிறது. பாருங்கள். அரசு மருத்துவரிடம் அனுப்புங்கள். நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.' இந்த ஐந்து வாக்கியங்களை வழக்கறிஞர் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைக்கலாம். உடனிருக்கும் காவலர் 'சொன்னால் இன்னும் இரண்டு வழக்கு வரும்' என்று மிரட்டியிருப்பார் என்பதால், வழக்கறிஞரும் தன் பங்குக்கு எழுத்து மூலமாக ஒரு மனு கொடுத்துவிட வேண்டும். அடிபட்டவர் பயந்து மௌனமாக நின்றாலும் அந்த மனு கோப்பில் ஏறிவிடும். காணொளி வழியாக நிறுத்தப்பட்டால் நேரில் நிறுத்தக் கோருங்கள். கன்றிய முதுகைக் காணொளியில் காட்ட இயலாது.

சிறைக்கு அனுப்பப்பட்டுவிட்டால், நுழைவின்போது சிறை மருத்துவர் உடலைப் பார்த்துக் காயங்களைப் பதிவு செய்வார். அங்கேயும் அதே விவரத்தைச் சொல்ல வேண்டும்.

4. மருத்துவமனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விடுவிக்கப்பட்டவர் நேராக அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காவல் நிலையத்தின் கடிதம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது தவறு. தாக்கப்பட்டதாகச் சொல்லி வருகிறவரைப் பார்த்து விபத்துப் பதிவேட்டில் பதிவது பணி மருத்துவரின் பொறுப்பு. இந்தப் பதிவைத்தான் எல்லோரும் ஏ.ஆர். என்கிறார்கள். காவலில் இருக்கும்போதே பரிசோதனை நடந்திருந்தால், 53ஆம் பிரிவின்படி அதன் நகலைக் கைதானவரோ அவர் குறிப்பிடுபவரோ பெறலாம். அதைத் தவறாமல் கேளுங்கள்.

அந்த மேசையில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் நீளமான பதிவேட்டைத் திறந்து வைத்து, தலை நிமிராமல் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்பார். திரைக்கு அருகில் அழைத்து வந்த காவலர் நிற்பார். அடிபட்டவர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்' என்பார். அந்த ஒரு வாக்கியம் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு எத்தனை மனு எழுதினாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள். காவலர் அருகில் நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அச்சத்தால் முதலில் தவறாகச் சொல்லியிருந்தால், விடுபட்ட அன்றே வேறோர் அரசு மருத்துவமனைக்குச் சென்று, முன்பு ஏன் அப்படிச் சொன்னார் என்ற காரணத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

பதிவு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், எழுதியதைப் படித்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். எத்தனை பேர், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதனால் அடித்தார்கள் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். 'தெரிந்த நபர்களால் தாக்கப்பட்டார்' என்று நிறுத்திவிடாமல் 'காவலர்களால்' என்ற சொல் இடம்பெற வேண்டும். பதிவேட்டு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கேட்டுப் போகும்போது அது இல்லாவிட்டால் அலைய வைப்பார்கள்.

வலிக்கும் இடம் எல்லாவற்றையும் ஆடை விலக்கிக் காட்ட வேண்டும். கூச்சத்தால் தொடையையும் பிட்டத்தையும் காட்டாமல் வந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. காவலில் அதிகம் அடி விழுவது அங்கேதான். லத்தி போன்ற உருளைத் தடியால் அடித்த தடம், நடுவில் வெளிறியும் இருபுறமும் இணையாகச் சிவந்த இரண்டு கோடுகளாகவும் தெரியும். வழுக்கி விழுந்தால் அப்படித் தடம் வராது. சிவப்பாகத் தொடங்கி, நீலமாகி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பச்சையும் மஞ்சளுமாக மாறி, இரண்டு வாரங்களில் மறைந்துவிடும் என்பதால், நிறத்தையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள்; அடி விழுந்த நாளைக் கணிக்க அது உதவும். ஆழமான கன்றல் சில சமயம் இரண்டாம் நாள்தான் மேலே தெரியும். ஆகவே 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் சென்று காட்டுங்கள்.

காதில் அறைந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பக் கேளுங்கள், செவிப்பறை கிழிந்திருக்கலாம். உள்ளங்காலில் அடித்திருந்தால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். நடக்கும்போது வலி இருப்பதை எழுதச் சொல்லுங்கள். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ உடனே உள்நோயாளியாகச் சேருங்கள். தசைகள் நசுங்கும்படி அடிபட்டவருக்குச் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து உண்டு. வெளியே பெரிய ரத்தக் காயம் இல்லை என்று வீட்டுக்குக் கூட்டிச் சென்றுவிடாதீர்கள்.

புகைப்படம் எடுக்கும்போது முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, காயத்தின் அருகில் அளவுகோல் வைத்து ஒன்று என இரண்டிரண்டாக எடுங்கள். முகம் தெரியாத முதுகு யாருடையது என்ற கேள்வி நிச்சயம் வரும். அணிந்திருந்த துணியைத் துவைக்காமல், நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து ரத்தக்கறை கெட்டுவிடும்.

5. கேமராப் பதிவை அழியாமல் காப்பது

பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை உள்ளிட்ட இடங்களில் ஒலியுடன் கூடிய கேமரா இருக்க வேண்டும். பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதைப் பாதுகாக்கக் கோரலாம்.

தீர்ப்பு இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். சாத்தான்குளம் நிலையத்துக்கு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், தினமும் தானாகவே அழியும்படி கேமராப் பதிவு அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அந்த வழக்கில் ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னதால் உண்மை வெளிவந்தது. எல்லா நிலையத்திலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றோ மறுநாளோ, காவல் கண்காணிப்பாளருக்கும் நிலையப் பொறுப்பு அலுவலருக்கும் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தக் கேமராக்கள் என்று குறிப்பிட்டு, அழிக்காமல் பாதுகாக்கக் கோருங்கள். 'எல்லாப் பதிவும் வேண்டும்' என்று எழுதினால் மறுப்பது அவர்களுக்கு எளிது. அதே கோரிக்கையை வழக்கறிஞர் மூலம் நடுவரிடமும் வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பதிவு காணாமல் போனால், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

டீக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், பல இடங்களில் ஒன்றிரண்டு வாரங்களுக்குள். முதலில் அங்கே ஓடுங்கள்.

யாராவது கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் அந்தக் கைப்பேசியையே பத்திரப்படுத்துங்கள். மடப்புரத்தில் மறைவாக எடுக்கப்பட்ட ஒரு காணொளிதான் நடந்ததை ஊர் அறியச் செய்தது. வெட்டியோ, எழுத்து சேர்த்தோ பகிரப்பட்ட பிரதி மட்டும் எஞ்சினால் நீதிமன்றத்தில் மதிப்புக் குறையும். மின்னணுச் சான்றை ஏற்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழும் வேண்டும். அதில் படம் பிடித்தவரின் கையெழுத்து தேவைப்படும் என்பதால் அவருடைய பாதுகாப்பையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

6. புகாரை எழுதுவது

காவல்துறைக்குப் பலப்பிரயோகம் செய்ய அதிகாரமே இல்லை என்ற எண்ணத்தில் எழுதப்படும் புகார்கள் முதல் கட்டத்திலேயே தடுமாறுகின்றன. கைதுக்கு ஒருவர் எதிர்ப்புக் காட்டினால் அதை முறியடிக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்த 43ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்க அனுமதி இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆள் வசப்பட்ட பிறகு, தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையான கட்டுப்பாட்டுக்கு மேல் எதுவும் கூடாது என்கிறது 46ஆம் பிரிவு.

ஆகவே புகாரின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: அடி விழுந்தபோது அவர் யாருடைய வசத்தில் இருந்தார்? 'என்னைக் கொடூரமாகத் தாக்கினார்கள்' என்பதை விட, 'மாலை 6 மணிக்கு நான் எந்த எதிர்ப்பும் இன்றி ஜீப்பில் ஏறினேன். நிலையத்தின் பின் அறையில் கைகளை மேசையில் வைக்கச் சொன்னார்கள். இரவு 8 மணியளவில் இருவர் என் தோள்களைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் லத்தியால் தொடையின் பின்புறம் பத்து முறைக்கு மேல் அடித்தார்' என்பது பல மடங்கு வலுவானது. வாக்குமூலம் வாங்க அடித்தார்கள் என்றால், என்ன ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள் என்பதையும் அதே சொற்களில் எழுதுங்கள். ஒப்புதலைப் பெறக் காயப்படுத்துவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஏழாண்டு வரையும், கொடுங்காயம் என்றால் பத்தாண்டு வரையும் தண்டனை உண்டு.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். உயரம், மீசை, தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம், மற்றவர்கள் அவரை எப்படி அழைத்தார்கள் என்று எழுதினால் போதும். பணிப் பதிவேட்டிலிருந்து ஆளைக் கண்டறிவது விசாரணை அதிகாரியின் வேலை. அங்கே இல்லாத ஒருவரைக் கோபத்தில் சேர்த்துவிட்டால், அவர் அன்று விடுப்பில் இருந்ததாக ஓர் ஆவணம் வரும், அதோடு புகார் முழுவதும் பொய் என்ற பெயரும் வரும்.

சட்டப் பிரிவுகளை நீங்களே நிரப்ப வேண்டியதில்லை. யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்தை நிரப்புவதையும் தவிர்த்து, அடிபட்டவர் சொல்லச் சொல்ல அவர் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். எழுதியதை ஏ.ஆர். பதிவோடு வைத்து நேரமும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

7. புகாரைக் கொடுக்கும் வரிசை

முதலில் அந்த எல்லைக்குரிய நிலையம். எதிராளியின் நிலையத்துக்கே எப்படிப் போவது என்ற தயக்கம் இயல்பானது. 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், மின்னணு வழியாக அனுப்பி மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திடவும் செய்யலாம். அங்கே கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றதற்கான அத்தாட்சி மட்டுமே.

பதியவில்லை என்றால் 173(4)இன்படி காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் 175(3)இன்படி நடுவரிடம் மனு. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிச் சென்றால், 'முதலில் அங்கே போனீர்களா?' என்று கேட்டு மனுவைத் திருப்பிவிடுவார்கள். தபால் ரசீதுகளையும் ஒப்புகை அட்டைகளையும் சேர்த்து வையுங்கள்.

அரசு ஊழியர் மீதான புகாரில், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் நடுவர் பெற 175(4) வழிசெய்கிறது. இது புதிதாக வந்த தாமதம், இதை எதிர்பார்த்தே இருங்கள். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 218ஆம் பிரிவைக் காட்டி எதிர்ப்பு வரும். 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகவே கருதப்படும். பணிக் கடமைக்கும் அடிக்கும் தொடர்பு உண்டா என்பதில்தான் இந்த வாதம் சுழலும் என்பதால், ஆள் வசப்பட்ட பிறகு அடி விழுந்தது என்று தெளிவாக எழுதிய புகார் இங்கே மறுபடியும் கைகொடுக்கும்.

இதற்கு இணையாக, காவல்துறை நிலையாணை 151இன்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணையைக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். ஆர்.டி.ஓ. விசாரணைக்குச் செல்லும்போது சாட்சிகள் ஏ.ஆர். நகலையும் நோட்டையும் எடுத்துச் செல்லட்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆகி, தாக்கியவர் அந்தச் சமூகங்களைச் சேராதவர் என்றால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் புகாரில் குறிப்பிடக் கோருங்கள்.

8. ஆணையங்கள்

மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழில், கட்டணமின்றி, வழக்கறிஞர் இல்லாமலே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க இயலாது. 'கோர்ட்டில் வழக்கு முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுத்துக்கொள்ளாது என்பதால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதில் பயனில்லை.

ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டும் கைக்கு வராவிட்டால், அந்தத் தீர்ப்பைச் சுட்டி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

காவல்துறைப் புகார் ஆணையத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் இயங்கும் ஆணையங்களை. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும், மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் அதிகாரிகளையே உறுப்பினர்களாக வைத்தது. அந்த அமைப்பு மாறும்வரை, அதை மட்டும் நம்பி மற்ற வழிகளை நிறுத்திவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

9. உயிரிழப்பு நேர்ந்தால்

இங்கே கெடு மணிக்கணக்கில் ஓடும். காவல் மரணத்தில், காவல்துறை விசாரணையோடு நீதித்துறை நடுவரின் விசாரணையும் நடந்தாக வேண்டும் என்று 196ஆம் பிரிவு சொல்கிறது. அது தொடங்கியதா, எந்த நடுவர் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

உடற்கூறாய்வுக்கு முன் உடலின் முன்புறமும் பின்புறமும் குடும்பத்தினர் பார்க்கவும் படம் எடுக்கவும் அனுமதிக்க வேண்டும், தடய மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற குறைந்தது இரு மருத்துவர்கள் ஆய்வு செய்ய வேண்டும், ஆய்வு முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும் என்று மதுரைக் கிளை 2020 டிசம்பரில் வழிகாட்டியிருக்கிறது. இவற்றை எழுத்து மூலம் கேட்டு, பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

உடலை வாங்க மறுத்துப் போராடுவது நம் ஊரில் வழக்கம். கோரிக்கை என்ன என்பதில் தெளிவு இருந்தால் அதற்குப் பலன் உண்டு. வேலையும் பணமும் மட்டும் பேசி முடித்து, ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்காமல் உடலைப் பெற்றுச் செல்வதுதான் பெரிய இழப்பு. ஆய்வில் ஐயம் இருந்தால், மறு ஆய்வு கோரி உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கும்வரை எரியூட்ட வேண்டாம்.

10. நெருக்கடியும் முடித்துவைப்பும்

புகார் கொடுத்த சில நாட்களில் தெரிந்தவர் ஒருவர் வழியாகச் சமாதானப் பேச்சு வரும். தொலைபேசியிலோ நேரிலோ வந்தவர் யார், என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் இருந்தால், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரி வழக்கறிஞர் மூலம் விண்ணப்பியுங்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகும், 'பொருண்மைப் பிழை' (புகாரில் சொன்ன சம்பவம் உண்மையல்ல) என்று காட்டி வழக்கை முடித்துவிட்டதாக ஓர் அறிவிப்பு வீட்டுக்கு வரக்கூடும். அதைப் படித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நடுவர். அறிவிப்பு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, விசாரணை அதிகாரி யாரையெல்லாம் விசாரிக்கவில்லை, ஏ.ஆர். பதிவையும் கேமராக் கடிதத்தையும் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று வரிசையாகக் காட்டி, நடுவரிடம் ஆட்சேப மனு தாக்கல் செய்யுங்கள். முதல் நாளிலிருந்து எழுதி வந்த நோட்டை அன்று வழக்கறிஞரின் மேசையில் விரித்து வைத்து, அந்த மனுவை அதிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்.